மூக்குக்கு எட்டிய தூரம்

சேலம், நாமக்கல் பக்கம் பஸ்ஸில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாலும் எந்த ஊர் வந்திருக்கிறது என்று சொல்லிவிடலாம். ஆத்தூர்ச் சாலையில் புளித்த வாடை குப்பென்று அடித்தால் மரவள்ளிக்கிழங்கு அரைக்கிற சேகோ ஆலை. நாமக்கல் நெருங்க நெருங்கக் கண்ணோரம் கரித்தால் கோழிப்பண்ணை. பரமத்தி வேலூர், பிலிக்கல்பாளையம் பக்கம் பாகு வாசமும் சக்கைப் புகையும் சேர்ந்து வந்தால் எங்கோ வெல்லம் காய்கிறது. பள்ளிபாளையத்தில் கஞ்சி போட்ட பாவு நூல். சங்ககிரியில் டீசல். இந்தச் சமவெளியில் வீசும் காற்றுக்கு ஊர்ப்பெயர் கிடையாது, தொழில் பெயர்தான். அந்த வாடைதான் சோறு போடுகிறது என்பதால் யாரும் மூக்கைப் பொத்துவதில்லை. பொத்துகிறவனைப் பார்த்து, "வெளியூருங்களா?" என்பார்கள்.

என்னையும் கேட்டார்கள். மார்கழிக் கடைசியில் சேலத்தில் இறங்கி, மேட்டூர் போய், சங்ககிரி, திருச்செங்கோடு வழியாக நாமக்கல் வரை காற்றை மட்டுமே பார்க்கக் கிளம்பியிருந்தேன். "காத்துல என்னங்க இருக்குது பார்க்கிறதுக்கு? காத்து கெட்டுப்போனதைப் பார்க்கோணும்னா டில்லிக்குல்ல போகோணும்" என்றார் பழைய பஸ் நிலையத்து டீக்கடைக்காரர். அவர் சொன்னதில் தப்பில்லை. ஐப்பசி, கார்த்திகை வந்தால் தொலைக்காட்சியில் தில்லிதான் இருமுகிறது. அதோடு ஒப்பிட்டால் சேலம் சொர்க்கம். அந்த ஒப்பீடுதான் இங்கே பெரிய தொல்லை. தில்லியில் மந்திரியும் ரிக்‌ஷாக்காரரும் ஒரே புகையை இழுப்பதால் சத்தம் வெளியே கேட்கிறது. இங்கே புகை ஆள் பார்த்துப் போகிறது. சூளைக்காரருக்கு ஒன்று, டிரில்லருக்கு ஒன்று, பெயின்டருக்கு ஒன்று, அடுப்படிப் பெண்ணுக்கு ஒன்று. ஊர் மொத்தமும் சேர்ந்து இருமுவதில்லை. அதனால் செய்தியாவதில்லை.

மறுநாள் விடியலில் ஏற்காடு மலைப்பாதையில் ஏறினேன். இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் தாண்டி, லேடீஸ் சீட்டில் போய் நின்றபோது கீழே சேலம் இல்லை. சாம்பல் நிறத்தில் ஓர் ஏரி இருந்தது. நகரமலை, ஜருகுமலை, கஞ்சமலை, கோதுமலை ஆகியவற்றின் முடிகள் மட்டும் அதற்கு மேலே நீட்டிக்கொண்டிருந்தன. பக்கத்தில் நின்ற இளைஞர்கள் "சூப்பரா பனி இறங்கியிருக்குடா" என்று படம் எடுத்தார்கள். பாதி பனிதான். வெள்ளையாக இருப்பது பனி. அதன் மேல் விளிம்பில் பழுப்பாக, கத்தியால் வெட்டினாற்போல் நேராக ஓடிய கோடு பனி அல்ல.

சேலம் மலைகளுக்கு நடுவே உட்கார்ந்த ஊர். வெயில் நாளில் தரை காய்ந்து, சூடான காற்று மேலே எழும்பிப் புகையையும் தூக்கிக்கொண்டு போய்விடும். மார்கழி, தை இரவுகளில் தரை சீக்கிரம் குளிர்ந்து, குளிர்ந்த காற்று அடியிலேயே படுத்துக்கொள்கிறது. அதற்கு மேலே கொஞ்சம் வெதுவெதுப்பான காற்று, சட்டிக்கு மூடி போட்டதுபோல. சுற்றிலும் மலை என்பதால் பக்கவாட்டிலும் வழியில்லை. ராத்திரி லாரி விட்ட புகை, குப்பைமேட்டில் கனிந்த தீ, வெந்நீர் அடுப்பு எல்லாம் காலை ஒன்பது மணி வெயில் வந்து மூடியைத் திறக்கும் வரை ஊருக்குள்ளேயே கிடக்கும். ஆண்டிலேயே மிக மோசமான அந்த நாட்களில்தான் நாம் போகி என்று சொல்லி டயரையும் பிளாஸ்டிக்கையும் கொளுத்துகிறோம். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வருஷம் தவறாமல் வேண்டாம் என்று அறிக்கை விடுகிறது.

மலையிலிருந்தபடியே மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 'சமீர்' செயலியைத் திறந்து பார்த்தேன். சேலத்தில் சோனா தொழில்நுட்பக் கல்லூரியில் தானாக அளக்கும் நிலையம் ஒன்று இருக்கிறது. சௌடேஸ்வரி கல்லூரிக் கட்டடத்திலும் நெடுநாளாக அளவு எடுத்துவருகிறார்கள். செயலியில் சேலத்துக்குப் பச்சை நிறம் காட்டி 'திருப்திகரம்' என்று போட்டிருந்தது. யாருக்குத் திருப்தி என்று பார்க்க வேண்டியிருக்கிறது. இரண்டரை மைக்ரானுக்கும் சிறிய நுண்துகள், மூக்கு முடிக்கும் சளிக்கும் தப்பி நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை போய், அங்கிருந்து ரத்தத்திலும் கலக்கக் கூடியது. உலக சுகாதார நிறுவனம் 2021-ல் திருத்திய வழிகாட்டுதலின்படி ஒரு நாளுக்கு அது கனமீட்டருக்கு 15 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது. நம் நாட்டுக் குறியீட்டில் 30 வரைக்கும் 'நன்று', 60 வரைக்கும் 'திருப்திகரம்'. நம்முடைய 'நன்று'வின் மேல் எல்லையே அவர்கள் சொல்வதைப்போல் இரண்டு பங்கு. ஆண்டுச் சராசரிக்கு அவர்கள் 5 என்கிறார்கள். 2009-ல் வந்த நம் தரநிலை 40 என்கிறது. ஏழை நாடு படிப்படியாகத்தான் இறங்க முடியும் என்று இதற்கு வாதம் உண்டு, அதில் நியாயமும் உண்டு. நுரையீரலுக்கு அந்த நியாயம் புரியாது.

2019 ஜனவரியில் தொடங்கிய தேசியத் தூய காற்றுத் திட்டத்தில் இப்போது சுமார் 130 நகரங்கள் இருக்கின்றன. தமிழ்நாட்டிலிருந்து சென்னை, மதுரை, திருச்சி, தூத்துக்குடி. சேலம் அதில் இல்லை. ஊரைப் பொறுத்தவரை அது நல்ல செய்திதான். கல்லூரி மாடியில் இருக்கும் கருவியைக் குறை சொல்லவும் நான் வரவில்லை. ஊர்க் காற்றை அளப்பது அதன் வேலை, அதைச் செய்கிறது. ஆட்கள் மூச்சு விடும் இடம் மாடி இல்லை என்பதுதான் விஷயம். இந்தப் பயணத்தில் நான் பார்க்க நினைத்தது அந்தக் கீழ்த்தளத்தை.

சேலத்திலிருந்து ஓமலூர்ச் சாலையில் கருப்பூர் தாண்டும்போது வலதும் இடதும் நிலம் வெளுத்துக் கிடக்கும். வெள்ளைக்கல் பூமி. மேக்னசைட் ஜங்ஷன் என்று ரயில் நிலையத்துக்கே கல்லின் பெயரை வைத்துவிட்டார்கள். பெரியார் பல்கலைக்கழகமும் இந்தச் சுரங்க வட்டாரத்தை ஒட்டித்தான் இருக்கிறது. நூறாண்டுக்கும் மேலாகத் தோண்டுகிறார்கள். அரசின் தமிழ்நாடு மேக்னசைட் நிறுவனம் 1979-ல் வந்தது. இந்தக் கல்லைச் சூளையில் 1,700 டிகிரிக்குச் சுட்டு எடுத்தால், உருக்காலை உலைகளின் உள்சுவரில் பதிக்கும் நெருப்புத் தாங்கும் செங்கலுக்கு மூலப்பொருள் கிடைக்கும். சுடும்போது கல்லின் எடையில் பாதிக்குக் கொஞ்சம் மேலே கரியமிலவாயுவாகக் காற்றில் போய்விடுகிறது. மீதி கல்லாக நிற்கிறது, கொஞ்சம் தூசாகப் பறக்கிறது. அந்தப் பக்கத்து வேலிக் கருவேலங்களின் இலை பச்சையாக இருப்பதை நன்றாக மழை பெய்த மறுநாள்தான் பார்க்கலாம்.

சுரங்கத்தில் முப்பது வருஷம் கல் உடைத்த ஒரு பெரியவர், திண்ணையில் உட்கார்ந்து முழங்கையை முழங்காலில் ஊன்றிக்கொண்டு பேசினார். மூச்சு வாங்குகிறவர்கள் எல்லாரும் அப்படித்தான் உட்காருவார்கள், தோளை உயர்த்தி வைத்துக்கொண்டால் கொஞ்சம் காற்று கூடுதலாக இறங்கும். "வெள்ளைக்கல்லு தூசி ஒண்ணும் பண்ணாதுங்க. பாலு மாதிரி. இது பீடியால வந்தது" என்றார். பீடியும் காரணமாக இருக்கலாம். மேக்னசைட் தூசு, சுத்தமானதாக இருந்தால், சிலிக்கா அளவுக்குக் கொடியதல்ல என்பதும் சரிதான். ஆனால் சேலத்துக் கல் சுத்தமானதல்ல. சிலிக்கா கலப்பு அதிகம் என்பதுதான் அந்தக் கல்லுக்குச் சந்தையில் நெடுங்காலமாக இருக்கும் குறை. உருக்காலைக்காரர்கள் கண்டுபிடித்துக் கழித்துத் தள்ளுகிற அந்தக் கலப்பை உடைத்தவரின் நெஞ்சு கழித்துத் தள்ளியிருக்குமா? அவரிடம் எக்ஸ்ரே எதுவும் இல்லை. வேலைக்காலத்தில் எடுத்திருப்பார்கள், "எங்க போச்சோ" என்றார்.

மேச்சேரியில் பஸ் மாறி மேட்டூர் சேர்ந்தபோது மதியமாகிவிட்டது. அணை 1934-ல் முடிந்தது. அதில் கிடைத்த மலிவான மின்சாரத்தைத் தேடி 1930-களிலேயே ரசாயன ஆலை வந்தது, பின்னால் அலுமினியம் வந்தது, 1987 முதல் அனல்மின் நிலையம் வந்தது. நீருக்காகக் கட்டிய ஊர் நெருப்பால் வளர்ந்தது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2009-ல் நாடு முழுக்க 88 தொழில்வட்டாரங்களை எடைபோட்டபோது மேட்டூரும் அதில் ஒன்று.

அனல்மின் நிலையத்தில் நான்கு 210 மெகாவாட் அலகுகளும், 2013-ல் சேர்ந்த 600 மெகாவாட் அலகும் இருக்கின்றன. ஒடிசாவின் நிலக்கரி கப்பலேறி வந்து, ரயிலேறி இங்கே சேர்கிறது. நம் நாட்டு நிலக்கரியில் நூற்றுக்கு முப்பது, நாற்பது பங்கு சாம்பல்தான். அதாவது பத்து வேகன் கரி வந்தால் மூன்று, நான்கு வேகன் சாம்பல் மிஞ்சும். புகைபோக்கிக்குப் போகும் வழியில் மின்னேற்றம் கொடுத்துத் தகடுகளில் இழுத்துப் பிடிக்கும் கருவி அதில் பெரும்பகுதியைப் பிடித்துவிடுகிறது. பிடித்த சாம்பலைச் சிமென்ட் ஆலைகளுக்கு லாரியில் அனுப்புகிறார்கள். உலர் சாம்பல் பறப்பதைப் பார்க்க வேண்டுமென்றால் புகைபோக்கியை அண்ணாந்து பார்த்துப் பயனில்லை, சாலையைப் பார்க்க வேண்டும். வேகத்தடையில் லாரி ஒரு குலுங்கு குலுங்கும்போது டேங்கரின் இடுக்கிலிருந்து மெல்லிய சாம்பல் புகை எழும். சாலையோரக் கடைக்காரர் தட்டில் வைத்த வடையின் மேல் அனிச்சையாகச் செய்தித்தாளை இழுத்து மூடுகிறார். லாரி வருவதை அவர் திரும்பிப் பார்க்கக்கூட இல்லை, சத்தமே போதும்.

கண்ணுக்குத் தெரியாதது கந்தக டை ஆக்சைடு. கரியில் உள்ள கந்தகம் எரிந்து வாயுவாகப் போய், காற்றில் பயணம் செய்யும்போது சல்பேட் துகளாக மாறுகிறது. அதைக் கழுவி எடுக்கும் கருவியை எல்லா அனல்மின் நிலையங்களும் இரண்டே ஆண்டில் பொருத்த வேண்டும் என்று 2015 டிசம்பரில் மத்திய அரசு விதி கொண்டுவந்தது. கெடு தள்ளிப் போனது, மறுபடியும் தள்ளிப் போனது. 2025 ஜூலையில், தலைநகர் வட்டாரம், பத்து லட்சத்துக்கு மேல் மக்கள் உள்ள நகரங்கள், ஏற்கெனவே மாசு மிகுந்தவை என்று குறிக்கப்பட்ட இடங்கள் ஆகியவற்றுக்குப் பத்து கிலோமீட்டருக்குள் இல்லாத நிலையங்களுக்கு அந்தக் கந்தக விதியிலிருந்து விலக்கே கொடுத்துவிட்டார்கள். பெரும்பான்மையான நிலையங்கள் இதில் தப்பின. இந்திய நிலக்கரியில் கந்தகம் குறைவு, கருவிக்குச் செலவு அதிகம் என்பது அரசுத் தரப்பு. பத்து கிலோமீட்டர் என்ற கோட்டைக் காற்று மதிக்குமா என்பது என் தரப்பு.

அலுமினிய ஆலை 2008-ல் உற்பத்தியை நிறுத்திவிட்டது. ஏற்காட்டிலிருந்தும் கொல்லிமலையிலிருந்தும் பாக்சைட் வெட்டிவந்த காலம் முடிந்தது. இவ்வகை ஆலைகள் மிச்சம் வைத்துப் போவது செம்மண்ணைப் போன்ற ஒரு கழிவு, காரம் மிகுந்தது. ஆலை மூடிய பிறகும் அது மூடுவதில்லை.

எடப்பாடி வழியாகச் சங்ககிரி. தீரன் சின்னமலையைத் தூக்கிலிட்ட மலைக்கோட்டைக்கு அடியில், லாரிப் பட்டறைகளும் சிமென்ட் ஆலையும். இங்கே நான் இறங்கவில்லை. சொல்வதற்கு இல்லாமல் இல்லை. ஆனால் லாரியைப் பற்றி நாமக்கல்லில் பேசுவதுதான் முறை.

சங்ககிரிக்கும் திருச்செங்கோட்டுக்கும் நடுவே ஒரு காட்டில், இந்தப் பக்கத்தில் தோட்டம் துரவு எல்லாமே காடுதான், போர் போட்டுக்கொண்டிருந்தார்கள். ரிக் வண்டிக்குத் திருச்செங்கோடுதான் தலைநகரம். காஷ்மீரிலிருந்து கேரளம் வரை எங்கே ஆழ்துளைக் கிணறு போட்டாலும் வண்டியின் நெற்றியில் அந்த ஊர்ச் சாமி அர்த்தநாரீசுவரர் பெயர் இருக்க வாய்ப்பு அதிகம். தன் சொந்தத் தாலுகாவிலேயே ஒரு ரிக் ஓடுவதைப் பார்க்கக் கிடைத்தது அதிர்ஷ்டம்தான்.

எலுமிச்சையும் தேங்காயும் வைத்துக் கும்பிட்டு முடித்திருந்தார்கள். இரண்டு வண்டிகள். ஒன்றில் ரிக், ஒன்றில் இரும்புக் குழாய்கள். கம்ப்ரஸர் இரைச்சலில் பக்கத்தில் நிற்பவரின் வாய் அசைவது மட்டும் தெரிந்தது. முறை எளிமையானது. குழாயின் அடியில் ஒரு சம்மட்டி, அதன் முனையில் பட்டன் பதித்த பிட். மேலிருந்து அழுத்தக் காற்றை உள்ளே செலுத்தினால் சம்மட்டி பாறையைக் குத்தும். குத்திய பாறை பொடியாகி, அதே காற்றோடு வெளியே வரும். தண்ணீர் தட்டுப்படும் வரை வருவதெல்லாம் உலர்ந்த பாறைப் பொடி. ஒரு காலத்தில் நூற்றைம்பது, இருநூறு அடியில் தண்ணீர் கிடைத்தது. இப்போது ஆயிரம் அடி சர்வசாதாரணம். நிலத்தடி நீர் எவ்வளவு கீழே போகிறதோ, அவ்வளவு நேரம் கூடுதலாக வெளியே தூசு வரும். தண்ணீர்ப் பஞ்சமும் காற்று மாசும் ஒரே ஓட்டையிலிருந்து வருவதை அங்கே பார்த்தேன்.

துளை வாயிலிருந்து இரண்டாள் உயரத்துக்கு வெண்சாம்பல் தூசு பீறிட்டு, காற்று அடித்த பக்கம் சாய்ந்தது. அந்தப் பக்கம்தான் வீடு. தோட்டக்காரம்மா தண்ணீர்க் குடங்களை எல்லாம் உள்ளே எடுத்துவைத்துவிட்டு, எருமையை இடம் மாற்றிக் கட்டினார். ரிக்கின் பக்கத்தில் மாற்றிக் கட்ட முடியாமல் நின்றவர்கள் ஐந்து பேர். குழாய் மாட்டுகிற பையனுக்கு இருபது வயதிருக்கும், சத்தீஸ்கர். தலையில் துண்டு, அதன் ஒரு முனையை வாய்க்குக் குறுக்கே கட்டிக் காதுக்குப் பின்னால் செருகியிருந்தான். துண்டு வாயருகே மட்டும் ஈரமாக, வட்டமாகச் சேறு பிடித்திருந்தது. இமை முடி ஒவ்வொன்றிலும் பொடி ஏறி, கிழவரின் இமைபோல நரைத்திருந்தது. பத்து, பதினைந்து அடிக்கு ஒருமுறை அவன் துளை வாயில் சல்லடையை நீட்டிப் பொடியை வாங்கி, ஊதிப் பார்த்து, நிறத்தை மேனேஜரிடம் காட்டுவான். அந்த ஊதலின்போது துண்டை இறக்கியாக வேண்டும்.

"தண்ணி அடிச்சுக்கிட்டே ஓட்டினா தூசி வராதுல்லீங்க?" என்று மேனேஜரிடம் கேட்டேன். ரிக்கிலேயே அதற்குப் பம்பு இருக்கிறது.

"வருங்க, ஆனா கம்மியா வரும். கொஞ்சமா தண்ணி விட்டா பொடி களியாட்டம் ஆகி ராடைக் கவ்விக்கும். நெறயா விடோணும். காட்டுக்காரருக்குத் தண்ணி இல்லைன்னுதானுங்களே நம்மளைக் கூப்பிடறாரு?"

இந்த வாதத்துக்குப் பதில் சொல்வது லேசில்லை. ஒரு லாரித் தண்ணீருக்கு ஆகும் காசைக் கூலியோடு சேர்த்து அடிக்கணக்கில் ஏற்றிவிட்டால் போதும், ஆனால் அடிக்கு ஒரு ரூபாய் கூட்டினாலும் அடுத்த வண்டிக்காரர் குறைத்துப் பிடித்துக்கொள்வார். எல்லாருக்கும் ஒரே விதி என்று அரசு சொன்னால்தான் நடக்கும்.

இந்தப் பக்கத்துப் பாறையில் குவார்ட்ஸ், அதாவது படிகச் சிலிக்கா, நிறைய உண்டு. அதன் மிக நுண்ணிய துகள் காற்றறைக்குள் போனால், உடம்பின் காவல் செல் அதை விழுங்கும். விழுங்கிய செல் செத்துப்போகும், துகள் அப்படியே இருக்கும். அடுத்த செல் வந்து விழுங்கும், அதுவும் சாகும். செத்த இடமெல்லாம் தழும்பாகி, தழும்பு முடிச்சாகி, ரப்பர் போல இருக்க வேண்டிய நுரையீரல் தோல் போல ஆகும். சிலிக்கோசிஸ். மருந்து கிடையாது. தூசை விட்டு விலகின பிறகும் தழும்பு வளரலாம். பெரும்பாலும் பத்து, பதினைந்து வருஷம் கழித்துத்தான் தெரியும். அதற்குள் அந்தப் பையன் ரிக்கை விட்டுவிட்டு ஊர் திரும்பியிருப்பான்.

அங்கே எக்ஸ்ரேயில் புள்ளி புள்ளியாக நிழல் தெரியும். காசநோய் என்பார்கள். ஆறு மாதம் மாத்திரை, குணமாகாது, மறுபடி மாத்திரை. சிலிக்கா ஏறிய நுரையீரலைக் காசநோய் எளிதில் பிடிக்கும் என்பதால் சில பேருக்கு இரண்டுமே இருக்கும். பழைய தொழிற்சாலைச் சட்டத்திலிருந்தே சிலிக்கோசிஸ் அரசுக்கு அறிவிக்கப்பட வேண்டிய நோய். கூரையும் கேட்டும் உள்ள ஆலையை மனதில் வைத்து எழுதிய சட்டம் அது. இன்றைக்கு மத்தியப் பிரதேசம், நாளைக்கு ஆந்திரம் என்று சக்கரத்தில் ஓடுகிற தொழிற்சாலையை எந்த ஆய்வாளர் எங்கே போய்ச் சோதிப்பார்? ராஜஸ்தான் தன் கல் வெட்டும் தொழிலாளர்களுக்காக 2019-ல் தனிக் கொள்கை வகுத்தது. நோய் உறுதியானால் 3 லட்சம் ரூபாய், இறந்தால் குடும்பத்துக்கு 2 லட்சம், மாத உதவித்தொகை. ஆகச் சிறந்த ஏற்பாடு என்று சொல்லமாட்டேன். ஆனால் எண்ணத் தொடங்கிவிட்டார்கள். நாம் எண்ணவே தொடங்கவில்லை.

ஐந்நூற்று எழுபது அடியில் ஈரம் தட்டியது. தூசு சட்டென்று நின்று சேறாக வழிந்தது. எல்லாரும் சிரித்தார்கள், நானும்தான்.

நாமக்கல்லுக்கு இரவு வந்து, மறுநாள் காலையில் பாடி கட்டும் பட்டறைகளைப் பார்க்கப் போனேன். வெறும் இன்ஜினும் சட்டமுமாக வரும் வண்டி இங்கே மரமும் தகடும் ஏறி, வண்ணமும் கண்திருஷ்டிப் பொம்மையும் பெற்று லாரியாக வெளியே போகும். வெல்டிங் பொறி, பட்டி தேய்க்கும் தூசு, தின்னர் நெடி, எல்லாம் ஒரே கூரைக்குக் கீழே. ஸ்பிரே அடிக்கும் பெயின்டர் மூக்குக்குக் கைக்குட்டை கட்டியிருந்தார், அது அன்றைய லாரியின் நிறத்தில், ஆரஞ்சாக இருந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை டீசல் புகையை 2012-லும், வெளிக்காற்று மாசு மொத்தத்தையும் 2013-லும் புற்றுநோய் உண்டாக்குபவற்றின் முதல் பட்டியலில் சேர்த்தது. வெல்டிங் புகையும் அதே பட்டியலில்தான். பெயின்டர் வேலையையே தனியாக அதில் எழுதிவைத்திருக்கிறார்கள்.

நல்லதும் நடந்திருக்கிறது. 2020 ஏப்ரல் முதல் பிஎஸ் 6 என்ற வாகனப் புகைத் தரம் வந்து, டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் பத்துப் பங்காக இறங்கிவிட்டது. புதிய லாரிகளில் புகைக்கரியைப் பிடித்து எரிக்கும் வடிகட்டியும், நைட்ரஜன் ஆக்சைடை முறிக்க யூரியாக் கரைசல் தொட்டியும் உண்டு. "அந்த யூரியா தீந்துபோச்சுன்னா வண்டி இழுக்காது சார். எங்களுக்குப் பெரிய ரோதனை" என்றார் ஓட்டுநர் ஒருவர். அந்த ரோதனைதான் உங்கள் நெஞ்சுக்கு நல்லது என்றேன். பழைய வண்டியில் பெல்லாரி வரை போய்வந்தால் எச்சில் கறுப்பாக வரும் என்பதை அவரே ஒப்புக்கொண்டார். பழைய வண்டிகள் இன்னும் ஏராளமாக ஓடுகின்றன.

தென்னிந்தியா முழுக்கச் சமையல் எரிவாயு கொண்டுபோகும் புல்லட் டேங்கர் லாரிகளில் பெரும்பாலானவை நாமக்கல்லுடையவை. புகையில்லாத அடுப்பை ஊர் ஊராகச் சுமந்து போகும் ஊர் இது. நாளொன்றுக்குக் கோடிக்கணக்கில் முட்டையிடும் ஊரும் இதுதான். ஊருக்கு வெளியே ஒரு பண்ணைக்குப் போனேன். உயரத்தில் கூண்டு, கூண்டுக்குக் கீழே மாதக்கணக்கில் சேரும் எச்சம். உள்ளே போன முதல் நிமிஷம் கண்ணில் தண்ணீர் வந்தது. ஐந்தாவது நிமிஷம் ஒன்றும் தெரியவில்லை. அமோனியாவின் குணம் அது, மூக்கு பழகிவிடும், மூச்சுக்குழல் பழகாது. ஈரமான எச்சத்தில்தான் அது அதிகம் கிளம்பும், எச்சத்தை உலர்வாக வைத்தால் பாதித் தொல்லை தீரும் என்பது பண்ணைக்காரர்களுக்கு நன்றாகவே தெரியும். இங்கே இருக்கும் கால்நடை மருத்துவக் கல்லூரிக்காரர்கள் பல ஆண்டுகளாகச் சொல்லிவருவதும் உண்டு. அமோனியா பண்ணையோடு நிற்பதில்லை. மேலே போய், லாரிகளும் மின்நிலையங்களும் விட்ட நைட்ரஜன், கந்தக ஆக்சைடுகளோடு சேர்ந்து புதிய நுண்துகளாகிறது. தனித்தனியாக வாயு, சேர்ந்தால் துகள். மேட்டூரும் சங்ககிரியும் நாமக்கல்லும் கடைசியில் வானத்தில்தான் சம்பந்தம் செய்துகொள்கின்றன.

பண்ணையின் ஓரத்தில் வேலைக் குடும்பங்களுக்கு வரிசையாக வீடு. ஒரு வாசலில் மூன்று கல் கூட்டி, தென்னை மட்டையை எரித்து வெந்நீர் காய்ந்துகொண்டிருந்தது. வயிற்றுப் பிள்ளைக்காரி ஒருத்தி கண்ணை இடுக்கிக்கொண்டு ஊதினாள். உள்ளே எரிவாயு அடுப்பும் சிலிண்டரும் இருப்பது கதவு வழியே தெரிந்தது. "கேஸு சோத்துக்குங்க. வெந்நிக்கு எரிச்சா கட்டுப்படியாகுமுங்களா?" என்றாள். தமிழ்நாட்டில் 2007 வாக்கிலேயே அரசு இலவச எரிவாயு அடுப்பு கொடுத்தது. மத்திய அரசின் எரிவாயு இணைப்புத் திட்டமான உஜ்வலா 2016-ல் வந்தது. பலன் இல்லாமலில்லை. 2019-க்கான கணக்கை லான்செட் குழும இதழில் வெளியிட்ட ஆய்வாளர்கள், இந்தியாவில் அந்த ஆண்டு காற்று மாசால் இறந்தவர்கள் 16.7 லட்சம் என்றார்கள். 1990-லிருந்து பார்த்தால் வீட்டுப் புகையால் வரும் இறப்பு வீதம் 64 சதவீதம் குறைந்திருக்கிறது, வெளிக்காற்றின் துகளால் வரும் இறப்பு வீதம் இரு மடங்குக்கும் மேலாகியிருக்கிறது. அடுப்படியில் இறங்கியது தெருவில் ஏறிவிட்டது. இறப்புகள் எல்லாம் இருமலில் முடிந்தவை என்று நினைக்க வேண்டாம். ரத்தத்தில் கலந்த துகள் குழாயைத் தடிக்கச் செய்து மாரடைப்பாகவும் பக்கவாதமாகவும் முடித்துவைத்தவை நிறைய. அவற்றின் சான்றிதழில் புகை என்ற சொல் இருக்காது.

சென்னை ஸ்ரீராமச்சந்திரா நிறுவனத்தின் கல்பனா பாலகிருஷ்ணன் குழுவினர் பல ஆண்டுகளாகத் தமிழ்நாட்டுப் பெண்களின் மூச்சை, அவர்கள் மேலேயே சிறு கருவியை மாட்டி அளந்துவருகிறார்கள். சென்னையிலும் அதைச் சுற்றிய மாவட்டங்களிலும் 1,285 கர்ப்பிணிகளைப் பின்தொடர்ந்த ஆய்வில், நுண்துகள் 10 மைக்ரோகிராம் கூடினால் குழந்தையின் எடை சராசரியாக 4 கிராம் குறைவதாகக் கண்டார்கள். பிறகு குவாத்தமாலா, பெரு, ருவாண்டா, தமிழ்நாடு என நான்கு இடங்களில் ஏறத்தாழ 3,200 கர்ப்பிணிகளை வைத்து ஒரு பெரிய சோதனை. பாதிப் பேருக்கு எரிவாயு இலவசம். புகை நன்றாகக் குறைந்தது. குழந்தைகளின் எடையில் மட்டும் சொல்லும்படியான வித்தியாசம் வரவில்லை என்று 2022-ல் வெளியான முடிவு சொன்னது. எரிவாயு வீண் என்று இதற்குப் பொருள் இல்லை. கர்ப்பம் தொடங்கிய பிறகு அடுப்பை மாற்றுவது தாமதம் என்பதாக இருக்கலாம், ஒரு வீட்டு அடுப்பை மட்டும் மாற்றிவிட்டு ஊர்க் காற்றை விட்டுவிட்டால் போதாது என்பதாகவும் இருக்கலாம். எனக்கு அதில் பிடித்தது வேறொன்று. அவர்கள் கருவியை மாடியில் வைக்கவில்லை, ஆளின் மேல் மாட்டினார்கள்.

சேலம், நாமக்கல் மாவட்டங்களுக்கு வேண்டியது அதுதான். ரிக் வண்டிகள் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் திருச்செங்கோடு திரும்பும். அந்த வாரங்களில் பஸ் நிலையத்தருகே ஒரு நடமாடும் எக்ஸ்ரே வண்டியை நிறுத்துவது அரசுக்குப் பெரிய செலவில்லை. 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' ஊழியர்கள் வீட்டுக்கே வந்து சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்க்கிறார்கள். அவர்கள் எழுதும் படிவத்தில், "இதற்கு முன் என்ன வேலை, எத்தனை வருஷம்?" என்று ஒரு வரி கூட்டினால் போதும்.

அது வரும்வரை வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ ரிக், கிரஷர், சூளை, பெயின்ட் பட்டறை, நூல் ஆலை என்று எதிலாவது வேலை பார்த்தவர் இருமலோடு மருத்துவமனைக்குப் போனால், வேலையின் பெயரையும் வருஷக் கணக்கையும் ஒரு தாளில் எழுதி, சளிப் பரிசோதனைச் சீட்டோடு சேர்த்து மருத்துவர் கையில் கொடுங்கள். அவர் கேட்கமாட்டார், நீங்கள்தான் சொல்ல வேண்டும். பழைய எக்ஸ்ரேக்களைத் தூக்கி எறியாதீர்கள்.